எடிட்டிங் புராஜெக்ட் திறக்கவில்லையா? எதையும் தொடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வைகாசி பிறந்தால் வேலூர்ப் பக்கம் எடிட்டிங் வேலை செய்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. முதல் தேதியே குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அது முடிந்த கையோடு முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். காட்பாடி, ஆம்பூர், ஆரணி, வாலாஜா என்று நாலா பக்கத்து ஸ்டுடியோக்களிலிருந்தும் ஹார்டு டிஸ்க்குகள் பஸ் ஏறி வந்து சேரும். 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. டிஸ்க்குகள் வந்துபோகிற வழி மட்டும் பிரியவில்லை. இந்த நெருக்கடியில்தான், ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய புராஜெக்ட் காலையில் திறக்கமாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன்கள் அப்போது செய்யும் போன் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அண்ணா, புராஜெக்ட் டேமேஜ்னு வருதுண்ணா."

"சரி, நீ இன்னா பண்ண?"

"சாஃப்ட்வேரை எடுத்துட்டுத் திருப்பிப் போட்டேன். அப்பவும் வரல. அப்புறம் அந்த ஃபோல்டர்ல இருந்த பழைய ஃபைலுங்களை டெலீட் பண்ணிப் பார்த்தேன்..."

டெலீட் செய்ததுதான் ஆட்டோசேவ் ஃபோல்டர், சாஃப்ட்வேர் தானாக அவ்வப்போது சேமித்துவைக்கும் பழைய நகல்கள் இருக்கும் இடம். திறக்காத புராஜெக்ட்டுகளில் பெரும்பாலானவை உண்மையில் கெட்டே போயிருக்காது. டிஸ்க்குக்கு விண்டோஸ் வைக்கும் எழுத்து (ஈ, ஜி மாதிரி) மாறியிருக்கும், ஒரு கிளிப் பாதியில் அறுந்திருக்கும், சாஃப்ட்வேரோடு கூடுதலாகச் சேர்த்த ஒரு பிளக்இன் முரண்டு பிடிக்கும். கெடாத புராஜெக்ட்டைக் கெடுப்பது அதற்குப் பிறகு நாம் பதறிப்போய்ச் செய்கிற வேலைகள்தான். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை முக்கியம். முதலில் சொல்வதை முதலில் செய்யுங்கள்.

கல்யாண வேலைக்கு இங்கே எடியஸ், பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் மூன்றும்தான் அதிகம் ஓடுகின்றன. அவற்றை வைத்தே சொல்கிறேன். பொதுவான வழிகள் கேடன்லைவ், ஷாட்கட் போன்ற இலவச மென்பொருள்களுக்கும் பொருந்தும்.

புராஜெக்ட் ஃபைலில் வீடியோ இல்லை

புதியவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். புராஜெக்ட் ஃபைல் என்பது கல்யாணச் சமையலுக்கு எழுதும் சாமான் சீட்டு மாதிரி. எந்தக் கிளிப், எந்த டிஸ்க்கில், எந்த இடத்தில் வெட்டு, மேலே என்ன எஃபெக்ட், என்ன பாட்டு என்று அதில் எழுதியிருக்கும். சரக்கு வேறு இடத்தில் இருக்கும். 300 ஜி.பி. வீடியோ உள்ள கல்யாணத்துக்கும் புராஜெக்ட் ஃபைல் சில எம்.பி.தான், மிஞ்சினால் சில பத்து எம்.பி. வரும். ஆகவே புராஜெக்ட் திறக்கவில்லை என்றால் கல்யாண வீடியோ போய்விட்டது என்று அர்த்தமில்லை. மண்டபத்தில் எடுத்தது எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. கல்யாண வீட்டுப் பார்ட்டிக்குப் போன் போட்டு வயிற்றைக் கலக்காதீர்கள்.

ரிசால்வ் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் தனியாகப் புராஜெக்ட் ஃபைல் என்று ஒன்று வெளியே தெரியாது. எல்லாம் புராஜெக்ட் லைப்ரரி என்ற தரவுத்தளத்துக்குள் இருக்கும். நாமாக எக்ஸ்போர்ட் செய்தால்தான் டி.ஆர்.பி. என்று முடியும் ஒரு ஃபைல் கிடைக்கும்.

முதல் வேலை: நகல்

சாஃப்ட்வேரை மூடுங்கள். புராஜெக்ட் ஃபைல் இருக்கும் ஃபோல்டரை, ஆட்டோசேவ் ஃபோல்டரோடு சேர்த்து, வேறு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வீடியோ கிளிப்புகள் வேண்டாம், அவை பெரிது. இனிமேல் எல்லாப் பரிசோதனையும் நகலின் மேல்தான். அசலைத் தொடவே கூடாது.

எப்படியோ அரைகுறையாகத் திறந்துவிட்டது, வெட்டிய கிளிப்புகள் வரிசையாக நிற்கும் டைம்லைன் மட்டும் காலியாக இருக்கிறது என்றால் கன்ட்ரோல் எஸ் அழுத்தாதீர்கள். கை தானாகப் போகும், ஆனால் அந்த ஒரு அழுத்தல் காலி டைம்லைனை நல்ல ஃபைலின் மேல் எழுதிவிடும். கேமரா கார்டு இன்னும் அழிக்காமல் இருந்தால் அதை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு மறுபடி போடுவது கடைசி வழி. அது எங்கோ மூலையில் இருக்கும் கோளாறைச் சரிசெய்யலாம், புராஜெக்ட் ஃபைலுக்குள் இருக்கும் கோளாறை ஒருநாளும் சரிசெய்யாது.

ஃபைல் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள்

ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்று இருந்தால் அந்த ஃபைலோடு மல்லுக்கட்ட வேண்டாம், நேராக ஆட்டோசேவுக்குப் போய்விடலாம். நேற்றைய ஆட்டோசேவ் 12 எம்.பி. இருக்கும்போது இன்றைய ஃபைல் 2 எம்.பி.தான் என்றாலும் சந்தேகப்பட வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் உள்ளே ஒன்றுமே இல்லாத ஃபைல் ஒன்று உண்டு. சேவ் ஆகும் நேரத்தில் கரண்ட் போனால் வருவது இது. ஃபைலுக்கு இவ்வளவு இடம் என்று விண்டோஸ் டிஸ்க்கில் குறித்துவிட்டிருக்கும், உள்ளே போக வேண்டிய விஷயம் இன்னும் மெமரியிலேயே இருக்கும், அந்த இடைவெளியில் கரண்ட் நின்றுவிடும். மறுநாள் பார்த்தால் ஃபைல் 12 எம்.பி. என்றுதான் காட்டும். நோட்பேட்++ கொண்டு நகலைத் திறந்தால் முதலிலிருந்து கடைசி வரை கறுப்புக் கட்டத்தில் 'நல்' 'நல்' என்றே நிற்கும். அப்படி இருந்தால் எந்த மீட்பு மென்பொருளும் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. எடுப்பதற்கு உள்ளே ஒன்றும் எழுதப்படவே இல்லை.

பிரீமியருக்கு இன்னும் துல்லியமான சோதனை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பிரீமியர் புராஜெக்ட் ஃபைல் என்பது ஜீஜிப் முறையில் சுருக்கிவைத்த எக்ஸ்.எம்.எல். எழுத்துதான். அந்தச் சுருக்கத்தின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். ஆகவே 7-ஜிப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டு, நகலின் பெயரின் முடிவை ஜீ.இசட். என்று மாற்றி, ரைட் கிளிக் செய்து டெஸ்ட் கொடுங்கள். பிழை இல்லை என்று வந்தால் சேவ் ஆன ஃபைல் ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் இருக்கிறது. கோளாறு வேறு எங்கோ. ஃபைல் பாதியில் முடிகிறது என்று சொன்னால் நகலெடுக்கும்போது அறுந்திருக்கிறது. பென்டிரைவை அவசரமாகப் பிடுங்கியதால் வருவது பெரும்பாலும் இதுதான். அசல் ஸ்டுடியோவில் இருக்கும், மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

கேடன்லைவ், ஷாட்கட் ஃபைல்கள் சுருக்காத எக்ஸ்.எம்.எல். என்பதால் நோட்பேடிலேயே வாசிக்கலாம். கடைசி வரி முறையாக மூடியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

திரையில் வரும் செய்தியை வாசியுங்கள்

ஏதோ வந்தது, ஓகே கொடுத்துவிட்டேன் என்பார்கள். அந்த 'ஏதோ'வில்தான் விடை இருக்கிறது. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய பதிப்பில் சேமித்தது என்று வந்தால் அது பழுதே இல்லை. ஃபைல் கெட்டிருக்கிறது என்று வந்தால் மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டு ஆட்டோசேவுக்குப் போங்கள். கிளிப்புகளைக் காணோம் என்று கேட்டால் டிஸ்க் விவகாரம். ஒன்றுமே சொல்லாமல் சாஃப்ட்வேர் மூடிக்கொண்டால், அல்லது பாதியில் வந்து உறைந்து நின்றால், பிளக்இன், கிராஃபிக்ஸ் டிரைவர், கெட்ட கிளிப் மூன்றில் ஒன்று.

உறைந்து நிற்பதற்கும் மெதுவாகத் திறப்பதற்கும் வித்தியாசம் உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க்கும் பிராசசரும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். செய்கின்றன என்றால் விட்டுவிடுங்கள், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். சாதா ஹார்டு டிஸ்க்கில் 4கே கிளிப்புகள் நிறைய இருந்தால் அது பொறுமையாகத்தான் திறக்கும். 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதியவுடன் எண்ட் டாஸ்க் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள்.

அடுத்து, ஒரு புதிய காலிப் புராஜெக்ட்டைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால் சாஃப்ட்வேரிலோ சிஸ்டத்திலோ பிரச்சினை. அது திறக்கிறது, இது மட்டும் திறக்கவில்லை என்றால் பிரச்சினை இந்தப் புராஜெக்ட்டிலோ அதன் கிளிப்புகளிலோ இருக்கிறது. அரை நிமிட வேலை, இதைத் தவிர்த்துவிட்டு அரை நாள் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆட்டோசேவ் எங்கே இருக்கிறது

பிரீமியரில், வேறு இடம் கொடுக்காமல் இருந்தால், புராஜெக்ட் ஃபைலுக்குப் பக்கத்திலேயே ஆட்டோசேவ் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே தேதியும் நேரமும் பெயரில் சேர்ந்த ஃபைல்கள். எடியஸில் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் புராஜெக்ட் ஆட்டோசேவ், புராஜெக்ட் பேக்கப் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும்; இரண்டையும் பாருங்கள். ரிசால்வில் புராஜெக்ட் மேனேஜரில் அந்தப் புராஜெக்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் புராஜெக்ட் பேக்கப்ஸ் கிடைக்கும். பிரிஃபரன்ஸில் அது ஆன் ஆகியிருந்திருக்க வேண்டும். இல்லை என்றால் இன்றே ஆன் செய்யுங்கள்.

கடைசி ஆட்டோசேவ் ஃபைலை அந்த ஃபோல்டரிலிருந்து நேரடியாகத் திறக்காதீர்கள். வெளியே நகலெடுத்து, புதுப் பெயர் கொடுத்து, அப்புறம் திறங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால் அதற்கு முந்தையது, அப்புறம் அதற்கும் முந்தையது. சில சமயம் கோளாறு புராஜெக்ட்டுக்குள் நுழைந்த நேரமே இப்படித் தெரிந்துவிடும். ஏழு மணி ஃபைல் திறக்கிறது, ஏழரை மணி ஃபைல் திறக்கவில்லை என்றால், அந்த அரை மணியில் என்ன சேர்த்தோம் என்று யோசியுங்கள். புதிதாக இறக்கிய டைட்டில் டெம்ப்ளேட்டாக இருக்கும், இல்லை பெண் வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போன் கிளிப்பாக இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லை

இந்த இடத்தில்தான் கொஞ்சம் மூளையைச் செலவழிக்க வேண்டும். இரண்டு உத்திகள் சொல்கிறேன். பெரும்பாலான முரட்டுப் புராஜெக்ட்டுகள் இவற்றில் மசிந்துவிடும்.

ஒன்று, கிளிப்புகளை ஒளித்துவைப்பது. சாஃப்ட்வேரை மூடிவிட்டு, வீடியோ இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். 'ரிசெப்ஷன்' என்பதை 'ரிசெப்ஷன்1' என்று மாற்றினால் போதும். இப்போது புராஜெக்ட்டைத் திறந்தால் கிளிப்புகளைக் காணோம் என்று கேட்கும். எல்லாவற்றையும் ஆஃப்லைனாக, அதாவது இணைக்காமல், விட்டுவிடுங்கள். டைம்லைன் முழுதும் சிவப்பாகத் திறந்துகொண்டால் புராஜெக்ட் நன்றாக இருக்கிறது, குற்றவாளி கிளிப்புகளில் ஒன்று என்று தெரிந்துவிட்டது. அப்புறம் ஃபோல்டர் ஃபோல்டராக இணைத்துக்கொண்டே வாருங்கள். நலங்கு சரி, மாப்பிள்ளை அழைப்பு சரி, முகூர்த்தத்தைக் கொடுத்ததும் உறைந்துவிட்டது என்றால் அந்த ஃபோல்டரைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள்.

அப்படிப் பிடிபடுவது பெரும்பாலும் அரைகுறையாக நகலான எம்.பி.4 கிளிப். எம்.பி.4 ஃபைலின் உள்ளே எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையைக் கேமராக்கள் ரெக்கார்டிங் முடிகிறபோதுதான் எழுதுகின்றன. நகல் பாதியில் நின்றாலும், கேமரா பேட்டரி திடீரென்று செத்தாலும் அந்த அட்டவணை இருக்காது. பார்க்க 3 ஜி.பி. ஃபைல் மாதிரி இருக்கும், எதிலும் ஓடாது. கார்டிலிருந்து மறுபடி நகலெடுங்கள். கார்டை அழிக்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது உத்தி, புதுப் புராஜெக்ட்டுக்குள் பழையதை இறக்குவது. பிரீமியரில் புதிய புராஜெக்ட் திறந்து, ஃபைல் மெனுவில் இம்போர்ட் கொடுத்து, பழைய புராஜெக்ட் ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். முழுப் புராஜெக்ட்டையும் இறக்கவா, தேர்ந்தெடுத்த சீக்வென்ஸ் (ஒரு தனி டைம்லைன்) மட்டுமா என்று கேட்கும். முதலில் முழுசாக முயலுங்கள், அடம் பிடித்தால் சீக்வென்ஸ் சீக்வென்ஸாக. நேராகத் திறக்காத ஃபைல் இப்படி உள்ளே வந்துவிடுவது ஆச்சரியமாக இருக்கும், ஆனால் நடக்கும். எடியஸிலும் இன்னொரு புராஜெக்ட்டிலிருந்து சீக்வென்ஸை இம்போர்ட் செய்ய ஃபைல் மெனுவிலேயே வழி இருக்கிறது. முகூர்த்தம், ரிசெப்ஷன், ஹைலைட்ஸ் மூன்றையும் ஒரே நீளமான டைம்லைனில் போடாமல் தனித்தனி சீக்வென்ஸாக வெட்டுகிறவர்களுக்கு இந்த இடத்தில் பலன் தெரியும்.

கிராஃபிக்ஸ் கார்டு மேல் சந்தேகம் இருந்தால், அந்தப் புதுப் புராஜெக்ட்டின் அமைப்பில், படத்தைக் கணக்கிட்டுக் காட்டும் ரெண்டரரை 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்று மாற்றிவிட்டு இம்போர்ட் செய்யுங்கள். அப்போது திறந்துகொண்டால் டிரைவரைச் சரிசெய்தால் போதும். என்விடியா கார்டு என்றால் கேம் டிரைவருக்குப் பதில் ஸ்டுடியோ டிரைவர் போடுங்கள்.

டிஸ்க்கின் எழுத்தும் ஒரே பெயர்க் கிளிப்புகளும்

ஆரணி ஸ்டுடியோவில் அந்த டிஸ்க் ஈ டிரைவ். உங்கள் சிஸ்டத்தில் செருகினால் ஜி டிரைவ். புராஜெக்ட் ஈ டிரைவிலேயே தேடிக்கொண்டிருக்கும். கிளிப்புகளை ஒவ்வொன்றாக இணைப்பதைவிட டிஸ்க்கின் எழுத்தையே மாற்றிவிடுவது சுலபம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். அந்த டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து, டிரைவ் லெட்டரை மாற்றும் வரியைத் தேர்ந்தெடுத்து, பழைய எழுத்தைக் கொடுங்கள். அந்த மெனுவிலேயே பக்கத்தில் 'ஃபார்மேட்' என்று ஒரு வரி இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இணைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு பொறி இருக்கிறது. சோனி கேமராக்கள் கிளிப்புக்கு சி0001, சி0002 என்று பெயர் வைக்கும். ஒரே கல்யாணத்தில் இரண்டு கேமரா, நாலு கார்டு என்றால் நாலு சி0001 இருக்கும். மற்றவற்றையும் தானாக இணை என்ற டிக் போட்டிருந்தால், பிரீமியர் பெயரைப் பார்த்து ஏதோ ஒரு சி0001-ஐக் கொண்டுவந்து வைத்துவிடும். தாலி கட்டும் இடத்தில் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். புராஜெக்ட் திறந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் சேவ் செய்துவிட்டால் போச்சு. கார்டு வாரியாக டிக் எடுத்துவிட்டு இணையுங்கள். ஆரம்ப டைம்கோடும் (கிளிப்போடு கேமரா பதியும் நேர எண்) பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லும் டிக் இருக்கிறது, அதைப் போடுங்கள். இனி வரும் வேலைகளுக்கு, இம்போர்ட் செய்வதற்கு முன்பே கிளிப்புகளுக்குக் கேமரா, கார்டு எண் சேர்த்துப் பெயர் மாற்றிவிடுங்கள். இம்போர்ட் செய்தபிறகு பெயரை மாற்றாதீர்கள், இணைப்பு அறுந்துவிடும்.

ஃபோல்டர்களுக்கு நீளநீளமாகப் பெயர் வைப்பதும் ஆபத்து. விண்டோஸில் பல மென்பொருள்கள் ஃபைலின் முழு முகவரி 260 எழுத்தைத் தாண்டினால் தடுமாறும். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக எழுதினால் 260 சீக்கிரம் வந்துவிடும். பழைய பிளக்இன்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்தில் உள்ள ஃபோல்டர் பெயரும் ஒத்துவராது. மனசுக்குக் கஷ்டம்தான், இருந்தாலும் ஃபோல்டருக்கு ஆங்கிலத்தில் சின்னதாகப் பெயர் வையுங்கள்.

பதிப்பு மாறிப்போனால்

ஸ்டுடியோவில் புதிய பதிப்பு, உங்களிடம் பழையது என்றால் திறக்காது. மூன்று மென்பொருளிலும் இதே கதைதான். நேர்மையான வழி நீங்களும் அதே பதிப்புக்கு மாறுவது. முடியாவிட்டால் பிரீமியருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 7-ஜிப் கொண்டு நகலை விரித்து, வரும் எக்ஸ்.எம்.எல்.-ஐ நோட்பேட்++ மூலம் திறந்து, ஆரம்ப வரிகளில் புராஜெக்ட் என்ற சொல்லோடு வரும் வெர்ஷன் எண்ணை 1 என்று மாற்றி, சேவ் செய்து, பெயரின் முடிவைப் பழையபடி பிரீமியருக்கு உரியதாக ஆக்குங்கள். பழைய பதிப்பு அதைப் பழைய ஃபைல் என்று நம்பித் திறந்துவிடும். வெட்டுகள் வந்துவிடும், புதிய பதிப்பில் மட்டும் உள்ள எஃபெக்ட்டுகள் காணாமல் போகலாம். ஆகவே முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ரிசால்வில் அப்படிக் குறுக்கு வழியை நம்ப முடியாது. புதிய பதிப்புக்கு மாறும்போது லைப்ரரியையே மாற்றிவிடும், பின்னால் திரும்ப முடியாது. பதிப்பு ஏற்றுவதற்கு முன் எல்லாப் புராஜெக்ட்டையும் எக்ஸ்போர்ட் செய்து வைப்பதும், முகூர்த்த சீசன் நடுவில் எந்தச் சாஃப்ட்வேரையும் அப்டேட் செய்யாமல் இருப்பதும்தான் வழி.

வேறு வேறு மென்பொருளுக்கு இடையே கொடுத்து வாங்க எக்ஸ்.எம்.எல். எக்ஸ்போர்ட் இருக்கிறது. வெட்டுகள் போய்ச் சேரும். டைட்டிலும் எஃபெக்ட்டும் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள்.

எந்தப் புராஜெக்ட்டுமே திறக்கவில்லை என்றால்

முதலில் சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். பிரீமியரின் மீடியா கேஷ், வேறு இடம் கொடுக்காவிட்டால், சி டிரைவில்தான் சேரும். சீசன் முடிவதற்குள் பத்து இருபது கல்யாணத்தின் குப்பை அங்கே குவிந்துவிடும். பிரிஃபரன்ஸில் மீடியா கேஷ் பகுதிக்குப் போய் அழிக்கலாம். அது தற்காலிக ஃபைல்தான், கிளிப்புக்கு ஒன்றும் ஆகாது. அடுத்தமுறை திறக்கும்போது கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், ஆல்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே பிரீமியரைத் திறங்கள். அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகவா என்று கேட்கும், சரி என்று கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வெளி பிளக்இன்கள். புரோகிராம் ஃபைல்ஸில் அடோபி, காமன், பிளக்இன்ஸ் வழியாகப் போனால் மீடியாகோர் என்ற ஃபோல்டர் இருக்கும். உள்ளே இருப்பவற்றை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறங்கள். திறந்தால், ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து எது என்று பிடியுங்கள். விண்டோஸின் ரிலையபிலிட்டி மானிட்டரில் எந்த மாட்யூலால் விழுந்தது என்று பெயரோடு எழுதியிருக்கும், அதைப் பார்த்தால் இந்தத் தேடலே மிச்சம்.

கிராக் செய்த சாஃப்ட்வேர் பற்றி ஒரு வார்த்தை. புராஜெக்ட், கிளிப், போட்டோ எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் தெரியாத எழுத்துகள் ஒட்டியிருந்து, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல் இருந்தால் அது எடிட்டிங் கோளாறே இல்லை, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர். கிராக் ஃபைல்களோடு சேர்ந்து வருவது வழக்கம். இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், மற்ற டிஸ்க்குகளைக் கழற்றுங்கள். பணம் கட்டாதீர்கள். நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. ரிசால்வின் இலவசப் பதிப்பே கல்யாண வேலைக்குத் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து; கிராக்கைத் தேடி ஓடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

வேலூர் வெயில்

புராஜெக்ட் திறக்கும்போது சிஸ்டமே பட்டென்று அணைந்துவிடுகிறது, எந்தச் செய்தியும் இல்லை என்றால் சாஃப்ட்வேரைத் திட்ட வேண்டாம். கத்திரியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஓட்டுக் கட்டடத்திலோ மொட்டை மாடி அறையிலோ இருக்கும் சிஸ்டத்தின் நிலைமை எப்படி இருக்கும்? பெரிய புராஜெக்ட் திறக்கும் நேரத்தில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஒரேயடியாக வேலை செய்து சூடேறும், சூடு அளவு தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். விடியற்காலையில் திறந்து பாருங்கள். அப்போது திறந்தால் நோய் தெரிந்துவிட்டது. ஃபேனில் அடைந்த தூசியைத் துடைத்து, பிராசசருக்குப் புதிய பேஸ்ட் வைக்கச் சொல்லுங்கள். அப்படியும் அணைந்தால் சிஸ்டத்துக்குள் கரண்ட் பிரித்துக்கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்படலாம்.

யு.பி.எஸ். இல்லாமல் எடிட்டிங் செய்ய உட்காராதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் வந்துவிடும். மத்தியானம் மழை மேகம் கட்டும்போது போகிற கரண்ட் சொல்லிவிட்டுப் போகாது.

நிஜமாகவே போய்விட்டால்

ஃபைலும் போச்சு, ஆட்டோசேவும் இல்லை. கைதவறி அழித்திருந்தால் அந்த டிஸ்க்கில் இனி ஒன்றும் எழுதாமல் நிறுத்திவிட்டு மீட்பு மென்பொருள் ஓட்டலாம். சாதா ஹார்டு டிஸ்க்கில் வாய்ப்பு உண்டு, எஸ்.எஸ்.டி.யில் குறைவு.

அதுவும் இல்லையென்றால், பார்ட்டிக்குப் பார்க்க அனுப்பிய பிரிவ்யூ வீடியோ எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். வாட்ஸ்அப்பில் மங்கலாக இருந்தாலும் போதும். அதை டைம்லைனில் போட்டு, பிரீமியரின் சீன் எடிட் டிடெக்ஷனையோ ரிசால்வின் சீன் கட் டிடெக்ஷனையோ ஓட்டினால் வெட்டு விழுந்த இடங்களை அதுவே குறித்துக்கொடுத்துவிடும். அதை மேல் டிராக்கில் பாதி ஒளிபுகும்படி வைத்து, கீழே அசல் கிளிப்புகளைப் பொருத்திக்கொண்டே போகலாம். எதை எடுப்பது, எதை விடுவது என்ற யோசனைதான் எடிட்டிங்கில் நேரம் தின்பது. அது பிரிவ்யூவிலேயே இருக்கிறது. மிச்சம் கை வேலைதான்.

போனில் எடிட் செய்கிறவர்களுக்கு

கைன்மாஸ்டர் மாதிரி ஆப்களில் புராஜெக்ட் ஆப்புக்குள்ளேயே இருக்கும். திறக்கவில்லை என்று ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் புராஜெக்ட்டும் போக வாய்ப்பு அதிகம். போனின் அமைப்பில் 'கிளியர் கேஷ்' கொடுக்கலாம், 'கிளியர் டேட்டா' கொடுக்கக் கூடாது. முதலில் போனில் இடம் இருக்கிறதா, கேலரியிலிருந்து கிளிப்பை அழித்தோமா என்று பாருங்கள். கேலரியின் ரீசைக்கிள் பின்னில் இருந்தால் திருப்பிக் கொண்டுவந்தாலே பல நேரம் திறந்துகொள்ளும். கைன்மாஸ்டரில் புராஜெக்ட்டை எக்ஸ்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது, முடித்த அன்றே செய்து வையுங்கள்.

தெரிந்தவரிடம் கொடுக்கும்போது

இதற்கு மேல் சீனியர் ஒருவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். வெறும் டிஸ்க்கை மட்டும் நீட்டாதீர்கள். எந்தச் சாஃப்ட்வேர், எந்தப் பதிப்பு, விண்டோஸா மேக்கா, கடைசியாக எப்போது திறந்தது, அதற்கப்புறம் என்ன சேர்த்தீர்கள், டிஸ்க் உங்களிடம் எந்த எழுத்தில் இருந்தது, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, செய்தியின் படத்தோடு கொடுங்கள். டெலீட் செய்தது ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள். புராஜெக்ட் ஃபைலை மட்டும் முதலில் அனுப்பச் சொன்னால் ஜிப் செய்து, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பலாம், சில எம்.பி.தானே, டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன்பே பாதிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிடுவார்.